பன்னிரண்டு பட்டைக் கல்

எல்லம்மாளுக்குக் கிணறு வெட்டும் ஜமாவில் மண் சுமக்கிற வேலை. அவள் புருஷன் கோபால் அதே ஜமாவில் பாறைக்கு வேட்டு வைக்கிறவன். இருவரும் காவாந்தண்டலம் காலனிக்காரர்கள். உத்திரமேரூர்ப் பக்கமெல்லாம் மின்சார மோட்டார் வந்துகொண்டிருந்த காலம் அது. அரை ஏக்கர் வைத்திருந்தவர்கூடக் கிணற்றை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்த ஆசைப்பட்டார். தை அறுவடை முடிந்தால் மழை பிடிக்கும் வரை ஜமாவுக்கு ஓய்வு கிடையாது. ஆண்கள் கீழே உளியும் சம்மட்டியுமாக நிற்பார்கள். பெண்கள் கிணற்றின் பக்கவாட்டில் வெட்டிவிட்ட படிகளில் கூடையோடு ஏறி இறங்குவார்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஏறினாய் என்று யாராவது கேட்டால், எண்ணினால்தான் கால் வலிக்கும் என்பாள் எல்லம்மாள்.

மற்றப் பெண்கள் கூடையை மேட்டில் கவிழ்த்த கையோடு திரும்பிவிடுவார்கள். அவள் மட்டும் கவிழ்த்ததை ஒரு கணம் நின்று பார்ப்பாள். முதல் வாரம் செம்மண் வரும். அதற்கடுத்து வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல். அதன் கீழே, கையில் பிசைந்தால் உதிர்கிற மொரம்பு. பிறகு பாறை. அந்தப் பாறை ஊருக்கு ஊர் மாறியது. கூரத்தில் சாம்பல் நிறம். ஆற்றோரக் கிணறு ஒன்றில் கறுப்பு, அதில் விபூதி பூசியதுபோல் வெள்ளைக் கோடு. ஒரு மைல் தள்ளினால் வேறு மாதிரி. ஏன் என்று கோபாலைக் கேட்டால், "பாற பாறதான்மே. அதுல இன்னா ஏன்?" என்று பீடியைப் பற்றவைப்பான். அவனுக்குப் பாறையில் தெரிய வேண்டியதெல்லாம் எங்கே குழி போட்டால் நன்றாகப் பிளக்கும் என்பதுதான். அதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது.

எல்லம்மாள் ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் ஒரு கல்லை எடுத்து வைத்துக்கொள்வாள். எந்த ஊர்க் கல் என்பது அதைச் சுற்றியிருக்கும் துணியைப் பார்த்தால் அவளுக்குத் தெரியும். எந்த ஆழத்துக் கல் என்பதற்குத் துணியின் முனையில் முடிச்சு. ஓர் ஆள் உயரத்துக்கு ஒரு முடிச்சு. எழுதப் படிக்கத் தெரியாதவள் தனக்காகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி அது. இதெல்லாம் எதற்கு என்று மாமியார் கேட்டாள். எடுத்து வைக்காவிட்டால் மனசு ஒப்பவில்லை, அவ்வளவுதான்.

எழுபத்தாறாம் வருஷம் சித்திரையில் ஜமா திருப்புலிவனத்தில் வரதன் நிலத்தில் இறங்கியது. வரதனுக்கு மூன்று ஏக்கர். அப்பா காலத்துக் கிணறு பங்குனியிலேயே வற்றிவிட்டது. கடலைச் செடி வாடிக்கொண்டிருந்தது. இருபத்தைந்து அடிக் கிணற்றை நாற்பத்தைந்து அடியாக ஆக்கித் தரவேண்டும் என்று பேச்சு.

முப்பத்தைந்து அடி தாண்டியதும் பாறையின் குணம் மாறியது. கோபாலின் கடப்பாரை சத்தமில்லாமல் உள்ளே போனது. மேலே வந்த கூடையில் கறுத்த, மெத்தென்ற பாறைத் துண்டுகள். அதில் காக்காப்பொன் தகடு தகடாக மின்னியது. எல்லம்மாள் ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்தினாள். அது உதிர்ந்து, உள்ளிருந்து ஒரு சிவப்புக் கல் அவள் உள்ளங்கையில் விழுந்தது. புளியங்கொட்டைக்குக் கொஞ்சம் சின்னது. கறுப்பு கலந்த சிவப்பு. வெயிலுக்கு நேராகப் பிடித்தால் ஓரத்தில் மாதுளை முத்துபோல் ஒளி உள்ளே போயிற்று. குடிதண்ணீர்ப் பானையிலிருந்து ஒரு கை நீர் எடுத்துக் கழுவினாள்.

கழுவியதும் அதைக் கண்ணருகே கொண்டுபோனாள். நிறத்துக்காக இல்லை. அந்தக் கல்லுக்குப் பட்டைகள் இருந்தன. வழவழவென்று தட்டையான பட்டைகள், ஒவ்வொன்றும் நாலு ஓரம் உள்ளது, கொஞ்சம் சாய்த்து இழுத்த சதுரம்போல. நகைக்கடைக் கல்லுக்கு இருக்குமே, அந்த மாதிரி. முப்பத்தைந்து அடிக்குக் கீழே, யாரும் கை வைக்காத பாறைக்குள்.

அடுத்தடுத்த கூடைகளில் இன்னும் வந்தன. ஒரு பெண் பார்த்துச் சொல்ல, இன்னொருத்தி வரதனின் மனைவியிடம் சொல்ல, சோற்று வேளைக்குள் வரதன் கிணற்று மேட்டுக்கு வந்துவிட்டார். ஒரு கல்லை வேட்டியில் துடைத்து வெகுநேரம் பார்த்தார். மாணிக்கம் என்ற சொல்லை முதலில் அவர்தான் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் கிணற்றுக்குள் இருந்தவர்களுக்கும் கேட்டது.

அதோடு வேலை நின்றது. எல்லாரையும் மேலே வரச் சொன்னார். ஆண்கள் கோவணத்தை உதறிக் காட்டினார்கள். பெண்கள் முந்தானையை அவிழ்த்துக் காட்டினார்கள். ஜமா மேஸ்திரி தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எல்லம்மாள் தன் முறை வரும்வரை காத்திருக்கவில்லை. முன்னால் வந்து கையை நீட்டினாள்.

"எங்கிட்ட ஒண்ணு கீது ஆண்டே. எல்லாக் கெணத்துலயும் ஒண்ணு எடுத்து வெச்சிக்குவேன். மத்த ஊரு கல்லும் வூட்டுல கீது, வேணும்னா வந்து பாருங்க."

வரதன் அந்தக் கல்லை வாங்கித் தன் மடியில் முடிந்துகொண்டார். திட்டத்தான் வாயெடுத்தார். ஆனால் அவள் முகத்தில் திருட்டுக் களையும் இல்லை, பயமும் இல்லை. மேட்டில் கிடந்த கூளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவதற்குப் பதில், இதில் நல்ல கல் எது, சொத்தைக் கல் எது என்று அவளையே கேட்டார். அவருக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தன. அவள் உட்கார்ந்து பொறுக்கினாள். விரிசல் விட்டதையும் மூளியானதையும் ஒதுக்கி, முழுசாக இருந்த ஒன்பது கற்களைப் பிரித்துக் கொடுத்தாள். ஒன்பதுக்கும் ஒரே மாதிரிப் பட்டை என்பதைப் பிரிக்கும்போதே கவனித்துவிட்டாள். பெரிதோ சிறிதோ, வடிவம் ஒன்றுதான்.

ஏழெட்டு நாள் கிணற்றுக்குள் யாரும் இறங்கவில்லை. வரதன் மேட்டைச் சுற்றி முள் போட்டார், பகலெல்லாம் வேப்பமரத்தடியில் காவல் இருந்தார். கடலைச் செடி அவர் கண்ணெதிரே காய்ந்தது. கடைசியில் காஞ்சிபுரத்தில் கல் பதிக்கிற பத்தர் ஒருவரிடம் போய்க் கேட்பது என்று முடிவு செய்தார். கற்களைப் பொறுக்கிய எல்லம்மாளையும் கோபாலையும் கூட வரச் சொன்னார். விவரம் தெரிந்தவள் என்பது ஒரு காரணம். தான் இல்லாத நேரத்தில் அவர்கள் கிணற்றுப் பக்கம் போய்விடக் கூடாது என்பது இன்னொரு காரணம். இரண்டையுமே அவர் மறைக்கவில்லை.

பஞ்சாட்சரம் பத்தருக்கு ஐம்பது வயது இருக்கும். சன்னதித் தெருவுக்குப் பின்னால் நீளமாக ஒடுங்கிய கடை. சாமி நகைகளுக்கும் நாட்டியக்காரர்களின் நகைகளுக்கும் கல் பதிப்பது அவர் தொழில். வரதன் உள்ளே போய் உட்கார்ந்தார். எல்லம்மாளும் கோபாலும் வாசல் கல்லில் நின்றார்கள்.

பத்தர் ஒரு கல்லை எடுத்து முதலில் உதட்டில் வைத்துப் பார்த்தார். ஜில்லென்று இருக்கிறது, கண்ணாடி இல்லை என்றார். வரதனின் முகம் மலர்ந்தது. பிறகு பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்தி, வெயிலில் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். நல்ல மாணிக்கம் என்றால் திருப்பும்போது இரண்டு விதச் சிவப்பு தெரியும், ஒரு பக்கம் ரோஜா, ஒரு பக்கம் கொஞ்சம் ஆரஞ்சு. இது எப்படித் திருப்பினாலும் ஒரே சிவப்பாக இருக்கிறது என்றார். கடைசியில் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு குச்சியை எடுத்தார். அதன் நுனியில் அரக்கு வைத்து ஒரு பொடிக் கல் ஒட்டியிருந்தது. பர்மா மாணிக்கத்தின் சில்லு. அதால் வரதன் கொண்டுவந்த கல்லில் ஒரு கோடு இழுத்தார். கோடு விழுந்தது. வரதனுடைய கல்லால் சில்லின்மேல் இழுத்தார். விழவில்லை.

"மாணிக்கம் இல்லீங்க," என்றார் பத்தர். "கார்னெட்டுனு சொல்லுவாங்க. கோமேதகம் இருக்கு பாருங்க, அதுக்கு ஒருவகையில பங்காளி. ஆனா கோமேதகமும் இல்ல. உள்ள பூரா விரிசல். சாணையில வெச்சா தூளாப் பூடும். மரம் தேய்க்கிற உப்புத்தாள் செய்யறவனுக்கு வேணா ஆவும்."

வரதன் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்தார். இன்னொரு கல்லைப் பாருங்கள் என்றார். பத்தர் ஒன்பதையும் பார்த்துவிட்டு அதையே சொன்னார்.

வாசலில் நின்ற எல்லம்மாளுக்கு விலைபோகாதது பெரிதாகப் படவில்லை. ஒரு கல் இன்ன கல் என்று இப்படி விசாரித்துக் கண்டுபிடிக்க முடியும் என்பதே அவளுக்குப் புதிது. அப்படியானால் மாணிக்கம் எதனால் ஆனது என்று கேட்டாள். பத்தர் முதலில் வரதனைப் பார்த்தார். யார் கேட்டாலும் பதில் சொல்கிற சுபாவம் அவருக்கு, சொன்னார். மாணிக்கமும் நீலமும் ஒரே கல்தான், குருந்தக்கல். சிவப்பாக இருந்தால் மாணிக்கம், மற்ற நிறமெல்லாம் நீலத்தோடு சேர்த்தி. உள்ளே துளியூண்டு வேறு சரக்கு கலந்ததால்தான் அந்த நிறமே. வைடூரியத்தில் பூனைக்கண் மாதிரி ஓடுகிற கோடு, கல்லுக்குள் மயிரிழை மாதிரி ஊசிகள் வரிசையாகப் படுத்திருப்பதால் வருகிறது. முத்தும் பவளமும் கல்லே அல்ல. ஒன்று சிப்பிக்குள் விளைவது, மற்றது கடலில் பூச்சி கட்டுகிற கூடு. நவரத்தினத்தில் இரண்டு கல்லே இல்லை என்றதும் கோபால்கூட வாசல் கல்லில் ஒரு படி ஏறிவிட்டான்.

"அப்ப இதுக்குப் பட்ட போட்டது யாரு?" என்றாள் எல்லம்மாள். "பாறைக்குள்ள இருந்து வரும்போதே இப்டித்தான் கீது. நான்தான் கய்வினேன்."

பத்தர் பூதக்கண்ணாடியை மறுபடி பொருத்திக்கொண்டார். இந்தத் தடவை கல்லை விரலில் உருட்டி எண்ணினார். பன்னிரண்டு. இன்னொரு கல்லை எடுத்து எண்ணினார். அதற்கும் பன்னிரண்டு. கண்ணாடியைக் கழற்றி வாசலுக்கு வந்து, எல்லம்மாள் பார்ப்பதற்காகப் பலகையில் கல்லை வைத்துக் கண்ணாடியைத் தானே பிடித்துக்கொண்டார். பட்டைகளின் விளிம்பு கத்தி வைத்துச் சீவியதுபோல் நேராக இருந்தது.

"இத்தனூண்டு கல்லுக்கு நான் பட்டை தீட்டணும்னா ஒரு நாள் பூடும்," என்றார் அவர். "அப்பவும் ஒரு ஓரம் தூக்கிக்கும், ஒரு ஓரம் எறங்கிக்கும். இது யார் போட்டதுனு எனக்குத் தெரியலம்மா. கல்லு பொறக்கும்போதே அப்படிப் பொறக்குதுனு எங்கப்பா சொல்வாரு. எப்படினு நானும் கேட்டதில்ல."

திரும்பி வருகிற பஸ்ஸில் வரதன் முன்சீட்டில் வெளியே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். திருப்புலிவனத்தில் இறங்கியதும் மடியை அவிழ்த்து, அவளிடமிருந்து வாங்கிய கல்லைத் திருப்பிக் கொடுத்தார். நீயே வைத்துக்கொள் என்றார். மறுநாள் காலையில் ஜமாவுக்கு ஆள் அனுப்பினார். நாற்பத்துநாலு அடியில் வடக்கு மூலையில் ஊற்று பிடித்தது. கடலை போனது போனதுதான், ஆனால் அந்த ஆடியில் நெல் நட்டார். சிவப்புக் கல் கலந்த கூளத்தை வரப்புக்குக் கொட்டினார்கள். மழை பெய்த மறுநாள் அந்த வரப்பு மினுக்கும்.

அதற்குப் பிறகு ஏழு வருஷம் எல்லம்மாள் அந்தக் கேள்வியை விடவில்லை. எந்த நேரமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள் என்று இல்லை. தன் இரண்டு பெண்களுக்குக் கல்யாணம் செய்தாள். கோபாலுக்கு ஒரு தடவை வேட்டுச் சில்லு பட்டு இடது காது மந்தமாகிப்போனது. கேள்வி பாட்டுக்கு ஓர் ஓரத்தில் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், எல்லாம் ஆண்டவன் செயல் என்றார். அடுத்த தெரு மார்த்தாளும் அதையேதான் சொன்னாள். மார்த்தாள் கான்வென்டில் ஆயா வேலை பார்ப்பவள், மாதா கோவிலில் பைபிள் வாசிப்பவள். எல்லம்மாளுக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் ஆண்டவன் எந்த உளியை வைத்துப் போட்டான், எப்படிப் பிடித்துப் போட்டான் என்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒருநாள் உலையில் போடக் கல்லுப்பை அள்ளியவள் அப்படியே நின்றுவிட்டாள். பெரும்பாலான உப்பு ஒழுங்கில்லாமல்தான் இருந்தது. இடையில் சிலது மட்டும் சின்னச் சின்னப் பெட்டிகளாக இருந்தன. பகடை மாதிரி ஆறு பக்கம், ஆறும் சதுரம். உப்பளத்தில் யாரும் உட்கார்ந்து உப்புக்குப் பக்கம் வெட்டுவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அன்றைக்குச் சோறு குழைந்தது.

எண்பத்துமூன்றில் மழை பொய்த்தது. கோடையில் நிலத்தடி நீர் பார்க்கிற ஆபீசிலிருந்து ஒரு ஜீப் வந்தது. வேதகிரி என்ற அதிகாரி. முப்பது முப்பத்தைந்து வயது. தலையில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு. எங்கே பாறை மேலாக இருக்கிறது, எங்கே ஆழத்தில் இருக்கிறது என்று கிணறு கிணறாக விசாரித்தார். ஒவ்வொரு விவசாயியும் ஒவ்வொரு கணக்குச் சொன்னார்கள். திருப்புலிவனத்தில் வரதன்தான், இதையெல்லாம் எங்களைவிட நன்றாகச் சொல்ல ஓர் ஆள் இருக்கிறாள் என்று காவாந்தண்டலம் காலனிக்கு வழி காட்டினார்.

வேதகிரி வந்தபோது எல்லம்மாள் முறத்தில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். கூச்சத்தோடு, கல் போட்டுவைத்திருந்த தகர டின்னை இறக்கி, வாசலில் சாக்கை விரித்து மூட்டைகளை வரிசையாக வைத்தாள். இருபத்திரண்டு கல். ஊர்ப்பெயரையும் நிலத்துக்காரர் பெயரையும் சொல்லி, முடிச்சை எண்ணி ஆழத்தையும் சொன்னாள். ஓர் ஆள் என்றால் எத்தனை அடி என்று வேதகிரி கேட்டார். கோபாலைச் சுவரோரம் நிற்கச் சொல்லி டேப் வைத்து அளந்துகொண்டார். பிறகு ஒரு மணி நேரம் தலை நிமிராமல் நோட்டில் எழுதினார். பத்து நாள் அலைந்து கிடைக்காதது ஒரு சாக்கின்மேல் கிடைத்துவிட்டது என்று ஜீப் டிரைவரிடம் சொன்னாராம்.

சிவப்புக் கல்லுக்கு வந்தபோது எல்லம்மாள் தன் கேள்வியைக் கேட்டாள். வேதகிரி நோட்டை மூடி வைத்துவிட்டு, சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார். இந்தப் பாறை ஒரு காலத்தில் வெறும் சேறாக இருந்திருக்கும் என்றார். அது மேலே மேலே மூடப்பட்டு, மைல் கணக்கில் ஆழத்துக்குப் போய், அங்கே இருக்கிற சூட்டிலும் பாரத்திலும் வெந்தது. உருகவில்லை, இட்லி வேகிற மாதிரி உருமாறியது. அப்போது அந்தச் சேற்றில் கலந்திருந்த சரக்குகளில் இந்தக் கல்லுக்கு வேண்டியவை மட்டும் அங்கங்கே ஒன்றுசேர்ந்தன. ஒரு துகள் மேல் இன்னொரு துகள் ஒட்டிக்கொண்டே வளர்ந்தது. பிறகு மேலே இருந்த மலையெல்லாம் கரைந்து போக, அந்த ஆழத்துப் பாறை இன்றைக்கு நம் காலடிக்கு வந்திருக்கிறது.

"எத்தினி வருசம் ஆவும்?"

"வளர்றதுக்கு எவ்வளவுனு சரியாச் சொல்ல முடியாது. ஆனா இந்தப் பாறைக்கு வயசு இருநூறு கோடி வருஷத்துக்கு மேலனு சொல்றாங்க."

எல்லம்மாள் கல்லைப் பார்த்தாள். இருநூறு கோடி அவள் மனசில் எங்கும் உட்காரவில்லை. "ஒட்டிக்கினே வளந்துச்சுனா உருண்டையா இல்ல வளரணும்?" என்றாள். "பட்ட ஏன் வருது?"

வேதகிரி யோசித்தார். துகள்கள் கண்டபடி ஒட்டுவதில்லை, வரிசை தப்பாமல் ஒட்டுகின்றன என்றார். தான் சொல்வதைவிட நீங்களே வளர்த்துப் பார்ப்பது நல்லது என்றும் சொன்னார். சவரக்கடையில் முகத்தில் தேய்ப்பார்களே, படிகாரம், அதை வாங்கிப் பொடி செய்து வெந்நீரில் கரைகிற மட்டும் கரைத்து, ஆட்டாமல் அசைக்காமல் வைக்க வேண்டும். அடியில் பொடிக்கல் சேரும். அதில் நல்லதாக ஒன்றை நூலில் கட்டி மறுபடி அந்த நீரிலேயே தொங்கவிட வேண்டும். என்ன நடக்கிறது என்று எனக்கு எழுதுங்கள் என்று தன் விலாசத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். இந்தப் பொம்பளை எங்கே செய்யப்போகிறாள் என்று டிரைவர் நினைத்திருக்கலாம்.

உத்திரமேரூர் நாட்டு மருந்துக் கடையில் படிகாரம் வாங்கினாள். முதல் தடவை ஒன்றும் சரியாக வரவில்லை. நூல் பூராவும் சர்க்கரை ஒட்டியதுபோல் பொடி. இரண்டாவது தடவை கோபால் கால் பட்டுச் சட்டி கவிழ்ந்தது. "சோறு வடிக்கிற சட்டில இன்னாத்துக்குமே இந்தப் பேஜாரு?" என்று அவன் சலித்துக்கொண்டாலும், மூன்றாவது தடவைக்குச் சுவரில் ஆணி அடித்து மாடம்போல் ஒரு பலகை வைத்துக்கொடுத்தது அவன்தான். இந்த முறை நூலுக்குப் பதிலாகத் தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கிக் கட்டினாள். சட்டிமேல் துணி போட்டாள். கூலிக்குப் போகும்முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை துணியைத் தூக்கிப் பார்ப்பாள்.

பதினோராம் நாள் முடியின் நுனியில் வேர்க்கடலைப் பருப்பளவு கல் தொங்கியது. கண்ணாடிபோல் நிறமற்ற கல். உப்பு மாதிரிப் பெட்டியாகவும் இல்லை, சிவப்புக் கல் மாதிரியும் இல்லை. இரண்டு கோபுரங்களை அடியோடு அடி சேர்த்து ஒட்டியதுபோல் இருந்தது. மேலே நாலு முக்கோணம், கீழே நாலு முக்கோணம். யாரும் தொடவில்லை, யாரும் தீட்டவில்லை. அவள் வீட்டில், அவள் சட்டியில், அவள் தலைமுடியில். உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தெருவில் இறங்கி மார்த்தாளிடம் காட்டப் போனாள். வழியில் யாரோ என்ன என்று கேட்டதற்கு நின்று பதில் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

அந்தச் சந்தோஷம் இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் மார்த்தாளை ஒரு கார்டு எழுதச் சொன்னாள். உப்புக்கு ஆறு. படிகாரத்துக்கு எட்டு. என் கல்லுக்குப் பன்னிரண்டு. எல்லாம் தானாக வளர்வதுதான் என்றால் ஏன் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கை இல்லை? இவ்வளவுதான் கார்டில் இருந்தது. மார்த்தாள் தன் பங்குக்கு, கடவுள் உங்களை ஆசீர்வதிப்பாராக என்று கடைசியில் சேர்த்தாள்.

பதில் வர ஒன்றரை மாதம் ஆயிற்று. வேதகிரிக்கு மாற்றல் ஆகிவிட்டது. கார்டு அவர் பின்னாலேயே சுற்றிப் போய்ச் சேர்ந்திருக்கிறது. மார்த்தாள் நிதானமாக வாசித்தாள். நீங்கள் கேட்டதற்கு நான் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது என்று ஆரம்பித்திருந்தார். இந்த மூன்றும் ஒரே குடும்பம். மூன்றின் துகள்களும் சதுரப் பெட்டிக் கணக்கில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. பெட்டிகளை நேராக அடுக்கினால் உப்பு. வரிசைக்கு வரிசை கொஞ்சம் உள்ளே தள்ளி, படிக்கட்டு மாதிரி அடுக்கினால் வேறு வடிவங்கள் வரும். நேரில் இருந்தால் வரைந்து காட்டியிருப்பேன். இப்படிக்கு.

எல்லம்மாள் அதை மூன்று முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பெட்டியை எப்படி அடுக்கினாலும் பெட்டிதானே வரும் என்றாள் மார்த்தாள். அவளுக்கு அதற்குமேல் பொறுமை இல்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லம்மாள் ஏரிக்குப் போய் ஒரு கூடை களிமண் கொண்டுவந்தாள். காலையிலிருந்து சின்னச் சின்னச் சதுரக் கட்டியாக வெட்டிக் காயவைத்தாள். மத்தியானம் அடுக்கத் தொடங்கினாள். முதலில் நேராக அடுக்கி ஒரு பெரிய பெட்டி. இது உப்பு. அதன் தலையில், எல்லாப் பக்கமும் ஒரு கட்டி உள்ளே தள்ளி ஒரு வரிசை. அதன் மேல் இன்னும் ஒரு கட்டி உள்ளே தள்ளி இன்னொரு வரிசை. உச்சியில் ஒரே ஒரு கட்டி. பெட்டிக்குமேல் கூரை போட்டதுபோல் ஆயிற்று. நாலு பக்கம் சரிவு. பக்கவாட்டிலும் அதே மாதிரிக் கூரை வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. வைத்தால் விழுந்தது. ஈரக் களிமண்ணைக் குழைத்துப் பிடித்தாள்.

முழுப் பெட்டியையும் உடைத்துவிட்டு, இந்தத் தடவை ஒரே களிமண்ணில் கையடக்கப் பெட்டி ஒன்று செய்தாள். ஆறு பக்கத்துக்கும் தனித்தனியாக ஆறு கூரை செய்து ஒட்டினாள். கோபால் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆறு கூரை. கூரைக்கு நாலு சரிவு," என்று விரல் விட்டான். "இருவத்திநாலு ஆவுது. உன் கல்லுக்குப் பன்னண்டுதானே?"

அவள் தண்ணீர் தொட்டு விரலால் ஒரு விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தாள். மேல்கூரையின் சரிவும், பக்கத்துக் கூரையின் சரிவும் பெட்டியின் விளிம்பில் வந்து சேர்கிற இடம். அங்கே மடிப்பு இல்லை. இரண்டு சரிவும் ஒரே தளமாக, கை தடுக்காமல் ஓடியது. இரண்டு முக்கோணம் சேர்ந்து ஒரு சாய்ந்த சதுரம். அடுத்த விளிம்பைத் தடவினாள். அங்கேயும் அப்படித்தான். பெட்டிக்குப் பன்னிரண்டு விளிம்பு. அவள் ஒன்றொன்றாகத் தடவி, ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு கிழித்துக்கொண்டே வந்தாள்.

"ரெண்டு ரெண்டா சேந்துக்குதுய்யா," என்றாள். "பாரு. ரெண்டு ரெண்டா சேந்துக்குது."

கோபால் வாங்கிப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். டின்னிலிருந்து சிவப்புக் கல்லை அவனே போய் எடுத்துவந்து பக்கத்தில் வைத்தான். ஒன்று கட்டைவிரல் நகமளவு, மற்றது தேங்காயளவு. வடிவத்தில் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு மார்த்தாளும் வந்து பார்த்தாள். வேதகிரிக்கு மறுபடி ஒரு கார்டு போனது. இந்த முறை கேள்வி ஏதும் இல்லை. நான் செய்துவிட்டேன், இப்படி இப்படி வருகிறது என்று மட்டும் எழுதச் சொன்னாள். படிகாரத்தின் எட்டு எப்படி வருகிறது என்பது இன்னும் பிடிபடவில்லை, அதையும் பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று ஒரு வரி.

களிமண் உருவத்தை வெயிலில் வைத்தாள். மறுநாள் அது நெடுகப் பிளந்துவிட்டது. அன்று களியாம்பூண்டிப் பக்கம் ஒரு கிணற்றில் வேலை இருந்தது. போய்விட்டு வந்து, கை கால் கழுவி, மிச்சமிருந்த களிமண்ணில் கொஞ்சம் வைக்கோல் தூள் கலந்து பிசைந்தாள். இந்தத் தடவை அதைக் குடிசைக்குள் நிழலில் காயவிட்டாள்.